அளவை மாற்றினால் ஸ்கெட்ச் குழம்புவது ஏன்?

வெள்ளவத்தையில் ஓட்டோகேட் கோர்ஸ் முடித்துவிட்டு, இப்போது கிராண்ட்பாஸ் பக்கம் மோட்டர் பேஸ் பிளேட்டும் பிராக்கெட்டும் செய்கிற வேலைத்தளம் ஒன்றில் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. அங்கே சொலிட்வேர்க்ஸ் என்ற முப்பரிமாண மென்பொருளில் வரைகிறார்கள். முதலில் தளத்தில் கீறும் கோட்டு வரைபடத்தைத்தான் அதில் ஸ்கெட்ச் என்பார்கள். ஒரு அளவை மாற்றினால் துளைகள் வேறெங்கோ போய் நிற்கின்றன. இன்னொரு அளவு போட்டால் கோடுகள் மஞ்சளும் சிவப்புமாகி "ஓவர் டிஃபைன்ட்", அதாவது அளவுக்கு மிஞ்சிப் பூட்டப்பட்டது, என்று வருகிறது. ஓட்டோகேட்டில் அளவு போடுவது கடைசி வேலைதானே, இங்கே ஏன் இவ்வளவு தொல்லை? எல்லாக் கோடும் கறுப்பாகும் வரை அளவு போட்டுக்கொண்டே போகச் சொல்கிறார் மூத்தவர், அது சரியா?

மூத்தவர் சொல்வதில் பாதி சரி. கோடுகள் கறுப்பாக வேண்டும்; கறுப்பு என்றால் முழுதும் பூட்டப்பட்டது, நீலம் என்றால் இன்னும் அசையக்கூடியது. ஆனால் எந்த அளவுகளைப் போட்டுக் கறுப்பாக்கினீர்கள் என்பதில்தான் வேலையின் தரமே இருக்கிறது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தம்பி. இது ஒருமுறை பிடிபட்டால் எந்த மென்பொருளுக்குப் போனாலும் கூடவே வரும்.

நீங்கள் கற்ற முறையில் ஓட்டோகேட்டில் கோட்டின் இரண்டு முனைப் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்பதுதான் உண்மை. அளவு அந்த உண்மையைப் படித்துச் சொல்கிறது. கோட்டை இழுத்தால் எண் மாறும். சொலிட்வேர்க்ஸ் ஸ்கெட்ச்சில் இது தலைகீழ். எண்தான் உண்மை, கோடு அதற்குக் கீழ்ப்படிகிறது. நீங்கள் 140 என்று தட்டும்போது, "இந்த இரண்டு புள்ளிக்கும் இடையே தூரம் 140" என்று ஒரு சமன்பாட்டை எழுதிக் கொடுக்கிறீர்கள். கிடை, செங்குத்து, சமாந்தரம், தொடுகோடு, சமம் என்று நீங்கள் வைக்கிற ஒவ்வொரு கட்டுப்பாடும் இன்னொரு சமன்பாடு. எல்லாவற்றையும் ஒன்றாக நிறைவேற்றும் இடங்களைத் தேடி மென்பொருள் புள்ளிகளைக் கொண்டுபோய் வைக்கிறது. ஒரு அளவை மாற்றினால் வரைபடம் முழுதும் அசைவதற்குக் காரணம், முழுச் சமன்பாட்டுத் தொகுதியும் மறுபடி தீர்க்கப்படுவதுதான்.

இந்த யோசனை ஓட்டோகேட்டை விடப் பழையது என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஓட்டோகேட் முதலில் வந்தது 1982இல். ஐவன் சதர்லண்ட் தன் கலாநிதிப் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் என்ற மென்பொருளைச் செய்தது 1963இல், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில். லிங்கன் ஆய்வகத்தின் டிஎக்ஸ்-2 கணினித் திரையில் ஒளிப்பேனாவால் கோணல்மாணலாக நாலு கோடு கீறிவிட்டு, "இவை சமாந்தரம், இவை செங்குத்து" என்று சொன்னால் உருவம் தானாக நேராகும். ஆனால் அந்தக் கணினி ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்றது. சாதாரண வேலைத்தளத்துக்கு அது வர வழியே இல்லை. பின்னர் மேசைக்கணினிக்கு ஏற்ற மென்பொருள்கள் வந்தபோது, கட்டுப்பாடுகளைத் தீர்க்கும் பாரமான கணக்கை விட்டுவிட்டு, வரைபலகையை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தன. கட்டுப்பாடும் அளவும் மீண்டும் முன்னுக்கு வந்தது 1988இல் ப்ரோ/எஞ்சினியர் என்ற மென்பொருள் வந்த பிறகு. அதைச் செய்த நிறுவனத்தை 1985இல் தொடங்கியவர் சாமுவேல் கைஸ்பெர்க். சொலிட்வேர்க்ஸ் 1995இல் வந்து, அதே முறையைச் சாதாரண விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்தது. கட்டட வேலை செய்பவர்கள் பாவிக்கும் ரெவிட்டும் இதே பரம்பரைதான். ப்ரோ/எஞ்சினியர் நிறுவனத்தில் இருந்து வெளியே வந்தவர்கள் தொடங்கியது அது.

சரி, உங்கள் வேலைக்கே வருவோம். மோட்டர் பேஸ் பிளேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டர் அளவுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60072இன்படி செய்த மோட்டரில் ஃபிரேம் எண் என்பதே மோட்டர் காலின் அடியில் இருந்து தண்டின் மையம் வரையான உயரம், மில்லிமீட்டரில். 80 ஃபிரேம் மோட்டருக்கு உயரம் 80. அதன் காலில் உள்ள துளைகள் தண்டுக்குக் குறுக்காக 125, தண்டின் நீளவாக்கில் 100 இடைவெளியில் இருக்கும். 90எஸ் என்றால் 140, 100. 90எல் என்றால் 140, 125. 100எல் என்றால் 160, 140. 112எம் என்றால் 190, 140. 80க்கும் 90க்கும் துளை விட்டம் 10, அதற்குள் போவது எம்8 போல்ட். 100க்கும் 112க்கும் துளை 12, போல்ட் எம்10. உங்கள் வேலைத்தளத்துக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல் இந்த எண்களுக்குள்தான் சுற்றும் என்று நினைக்கிறேன்.

ஓட்டோகேட் பழக்கத்தில் இதை எப்படி வரைவோம்? 80 ஃபிரேமுக்கு, சுற்றிவர 30 விளிம்பு விட்டு, 185க்கு 160 என்று ஒரு செவ்வகம். பிறகு ஒவ்வொரு துளைக்கும் பக்கத்து விளிம்பில் இருந்து 30, 30. கோடுகள் எல்லாம் கறுப்பாகிவிடும். மூத்தவரும் சந்தோஷப்படுவார். வாடிக்கையாளர் 90எஸ் மோட்டரோடு வந்தவுடன் பிரச்சினை தொடங்கும். அந்த மோட்டருக்குத் தேவையான 140 என்ற எண் உங்கள் ஸ்கெட்ச்சில் எங்கேயும் இல்லை. யாராவது 140ஓடு 60ஐக் கூட்டி 200 என்று மனதில் கணக்குப் போட்டு, அதைக் கொண்டுபோய் 185 இருந்த இடத்தில் தட்டவேண்டும். அளவுகளைச் சிலதை இடது விளிம்பில் இருந்தும் சிலதை வலது விளிம்பில் இருந்தும் கொடுத்திருந்தால், அகலத்தை மாற்றியவுடன் ஒரு சோடித் துளை மட்டும் நகரும். நீங்கள் "துளை வேறெங்கோ போகிறது" என்று சொல்வது இதுவாகத்தான் இருக்கவேண்டும். மென்பொருள் நீங்கள் எழுதிக் கொடுத்ததை அச்சொட்டாக நிறைவேற்றியிருக்கிறது.

இப்போது மோட்டரில் இருந்து யோசியுங்கள். இந்தப் பிளேட்டின் உயிர் நாலு துளையும் மோட்டரின் காலோடு பொருந்துவதில் இருக்கிறது. வெளி விளிம்பு எங்கே முடிந்தாலும் மோட்டர் ஓடும். ஆகவே முதலில் வெறும் துணைக்கோடுகளால் ஒரு செவ்வகம் போட்டு, அதன் மையத்தை ஸ்கெட்ச்சின் ஆதிப் புள்ளியில் பொருத்துங்கள். அதற்கு 140, 100 என்று இரண்டு அளவு. நாலு மூலையிலும் நாலு வட்டம். நாலும் சமம் என்று கட்டுப்பாடு வைத்து ஒன்றுக்கு மட்டும் விட்டம் 10. அதற்கு வெளியே இன்னொரு செவ்வகம், அதுவும் அதே மையத்தில். உள்ளுக்கும் வெளிக்கும் இடையே விளிம்பு, ஒரு பக்கத்துக்கு 30, மற்றப் பக்கத்துக்கு 30. அவ்வளவுதான். மொத்தம் ஐந்து எண்.

ஐந்து போதுமா என்று எண்ணிப் பார்க்கலாம். எண்ணிப் பார்க்கும் பழக்கம் நல்லது. ஒரு புள்ளி இரண்டு வழியில் அசையும், இடம் வலம், மேல் கீழ். செவ்வகத்துக்கு நாலு மூலை, ஆகவே 8. இரண்டு செவ்வகத்துக்கு 16. வட்டம் ஒவ்வொன்றும் மையத்துக்கு 2, ஆரைக்கு 1, ஆக நாலு வட்டத்துக்கு 12. மொத்தம் 28 அசைவு. இனிக் கழியுங்கள். ஒவ்வொரு செவ்வகத்துக்கும் கிடை, செங்குத்து என்று 4, மையத்தைப் பொருத்தியதில் 2, இரண்டுக்கும் சேர்த்து 12. வட்ட மையங்கள் மூலைகளில் உட்கார்ந்ததில் 8. நாலு வட்டமும் சமம் என்றதில் 3. கூட்டினால் 23. மீதி 5, அதைத்தான் ஐந்து எண்ணால் பூட்டினோம். 28 அசைவில் 23ஐ வடிவத்தின் கட்டுப்பாடுகளே பார்த்துக்கொண்டன என்பதைக் கவனியுங்கள். கட்டுப்பாட்டை முதலில் வைத்து, எண்ணைக் கடைசியாகவும் குறைவாகவும் போடுங்கள் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம். இனி 90எல் வந்தால் 100ஐ 125 ஆக்கினால் போதும். பிளேட்டும் தானாக நீளும்.

இதில் அளவு பிசகும் விஷயமும் இருக்கிறது. காஸ் கட்டரில் வெட்டிய பிளேட்டின் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் அங்கே இங்கே இருக்கும். துளைகளை விளிம்பில் இருந்து குறித்தால் அந்தப் பிசகு துளை இடைவெளிக்கு வந்துவிடும், இரு விளிம்பில் இருந்தும் குறித்தால் இரு பக்கப் பிசகும் சேர்ந்து வரும். எம்8 போல்ட்டுக்கு 10 துளையில் இருக்கும் தளர்ச்சி மொத்தமே இரண்டு மில்லிமீட்டர். 140ஐத் துளைக்குத் துளை நேரடியாகக் கொடுத்தால், ட்ரில் போடுகிற பாஸ் மையக்கோட்டில் இருந்து குறித்து அடிப்பார், விளிம்பு எப்படி இருந்தாலும் மோட்டர் உட்காரும். திரையில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் அளவுதான் தாளில் இறங்கி அவர் கைக்குப் போகிறது.

அடுத்தது ஓவர் டிஃபைன்ட். மேலே சொன்ன ஐந்து எண்ணுக்குப் பிறகு, "முழு அகலம் 200" என்று ஆறாவதாக ஒன்று போட்டுப் பாருங்கள். சண்டை வரும். 140உடன் இரண்டு முப்பதைக் கூட்டினால் 200 சரியாகத்தானே வருகிறது, பிறகென்ன என்று கேட்கலாம். இன்றைக்குச் சரி. நாளை 140ஐ 160 ஆக்கினால் எது விட்டுக்கொடுப்பது, விளிம்பா, முழு அகலமா? அந்த முடிவை நீங்கள் சொல்லவில்லை, அதனால் மென்பொருள் நிற்கிறது. ஆனால் பிளேட் வெட்டுபவருக்கு முழு அகலம் கட்டாயம் வேண்டும். அதற்கு அந்த அளவை "ட்ரிவன்" ஆக்குங்கள். அப்போது அது ஓட்டோகேட் அளவைப் போல, இருப்பதைப் படித்துச் சொல்லும், யாரையும் கட்டாது. வரைபடத் தாளில் இப்படியான துணை அளவுகளை அடைப்புக்குறிக்குள் போடுவது சர்வதேச வழக்கம். சிவப்பு வந்தவுடன் கண்ணில் பட்ட ஏதோ ஒரு கட்டுப்பாட்டை அழித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எது காரணம், எது விளைவு என்று யோசித்து, விளைவாக வருவதை ட்ரிவன் ஆக்குங்கள்.

எண்ணிக்கை சரியாக வந்தும் ஸ்கெட்ச் ஆடும் என்பது இன்னொரு சிக்கல், கொஞ்சம் ஆழமானது. மேசன் பாஸ் அத்திவாரம் குறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாலு பக்கமும் அளந்து முளை அடித்த பிறகும் அவர் விடமாட்டார், மூலைக்கு மூலை டேப்பை இழுத்துப் பார்ப்பார். காரணம், நாலு பக்கமும் அளவாக இருந்தாலும் வீடு சாய்ந்து இணைகரமாகப் போகலாம். முக்கோணத்துக்கு மூன்று பக்கம் போதும், நாற்கோணத்துக்கு ஐந்து அளவு வேண்டும். பொதுவாகத் தளத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி மூன்றைக் கழித்தால், உருவத்தை விறைப்பாக நிறுத்தத் தேவையான தூரங்களின் எண்ணிக்கை வரும். கழிக்கும் அந்த மூன்று, முழு உருவமும் ஒன்றாக நகர்வதற்கும் சுழல்வதற்கும் உரியது.

இப்போது ஒரு பக்கத்தைப் பகிர்ந்துகொண்டு ஒட்டி நிற்கும் இரண்டு சதுரங்களை நினையுங்கள். ஆறு புள்ளி, ஆகவே ஒன்பது அளவு வேண்டும். பக்கங்கள் ஏழு, மூலைவிட்டம் இரண்டு, சரி. ஆனால் இரண்டு மூலைவிட்டத்தையும் ஒரே சதுரத்துக்குள் போட்டுவிட்டால்? கணக்கு ஒன்பதுதான். ஒரு சதுரம் அளவுக்கு மிஞ்சிப் பூட்டப்பட்டிருக்கும், மற்றது காற்றில் ஆடும். ஜெரார்ட் லாமன் 1970இல் நிறுவியது இதுதான்: மொத்தக் கணக்கு மட்டும் சரியாக இருந்தால் போதாது, உள்ளே எந்தச் சில புள்ளிகளை எடுத்துப் பார்த்தாலும் அவற்றுக்கிடையே தேவைக்கு மேல் அளவு இருக்கக்கூடாது. ஹில்டா கைரிங்கர் என்ற கணிதவியலாளர் 1927இலேயே இதைக் கண்டிருந்தார், நீண்ட காலம் யாரும் கவனிக்கவில்லை. ஒரு பக்கம் சிவப்பும் இன்னொரு பக்கம் நீலமுமாக உங்கள் ஸ்கெட்ச் நின்றால், அளவு குறைவாக இருக்கிறது என்று மேலும் மேலும் போடாதீர்கள். சிவப்புப் பக்கத்தில் இருந்து ஒன்றை எடுத்து நீலப் பக்கத்தில் வையுங்கள். நீலக் கோட்டைச் சுட்டியால் பிடித்து இழுத்துப் பார்த்தால், எந்தத் திசையில் ஆடுகிறது என்று அதுவே காட்டிவிடும்.

இன்னொன்று, அளவு எல்லாம் சரியாக இருந்தும் உருவம் திடீரெனக் கவிழ்வது. மூன்று பக்க நீளம் கொடுத்தால் முக்கோணம் கோட்டுக்கு மேலேயும் நிற்கலாம், கீழேயும் நிற்கலாம். ஒரு வட்டத்தைத் தொடும் வட்டம் உள்ளே இருந்தும் தொடலாம், வெளியே இருந்தும் தொடலாம். சமன்பாட்டுக்கு எல்லாம் ஒன்றுதான். மென்பொருள் பொதுவாக, நீங்கள் இப்போது வரைந்து வைத்திருக்கும் நிலையில் இருந்து பிழையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டு போய், கிட்ட இருக்கும் விடையில் நிற்கும். அதனால் முதலில் கீறும்போதே ஏறத்தாழச் சரியான வடிவிலும் பருமனிலும் கீறுங்கள். 10 மில்லிமீட்டர் வளைவை 200 மில்லிமீட்டராகக் கீறிவிட்டு 10 என்று தட்டினால் அது மறுபக்கம் போய் நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. பெரிய மாற்றம் தேவைப்பட்டால் இரண்டு மூன்று படியில் மாற்றுங்கள்.

ஸ்கெட்ச்சைத் தாண்டி, திண்மமாக எழுப்பிய பிறகு வரும் உடைவுகளுக்குக் காரணம் வேறு. நீங்கள் ஓர் ஓரத்தைத் தொட்டு ஃபில்லெட் போடும்போது, அதாவது அதை வளைவாக உருட்டும்போது, மென்பொருள் அந்த ஓரத்துக்குத் தானாக ஓர் அடையாளம் வைத்துக்கொள்கிறது. முந்திய ஸ்கெட்ச்சில் ஒரு வெட்டு சேர்த்தால் ஓரங்கள் புதிதாகப் பிறக்கின்றன, பழைய அடையாளம் வேறொரு ஓரத்தில் போய் ஒட்டலாம், அல்லது ஒன்றிலும் ஒட்டாமல் ஃபில்லெட் செத்துப்போகலாம். இந்தத் துறையில் ஆய்வாளர்கள் பல வருடம் மல்லுக்கட்டிய பிரச்சினை இது. இலவச மென்பொருளான ஃப்ரீகேட்டில் இது பெரிய தலையிடியாக இருந்தது, 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் பெருமளவு குறைத்தார்கள். நீங்கள் செய்யக்கூடியது: முக்கியமான அளவுகளை முகங்களிலும் ஓரங்களிலும் இருந்து எடுக்காமல் ஆதித் தளங்களில் இருந்து எடுங்கள், ஃபில்லெட்டையும், ஓரத்தைச் சரிவாக வெட்டும் சாம்ஃபரையும் கடைசிக்குத் தள்ளுங்கள்.

அளவுகளுக்குப் பெயர் வைப்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த முறையின் உண்மையான லாபம் அங்கேதான். எண்ணுக்குப் பதிலாகச் சூத்திரம் எழுதலாம். மலைநாட்டுத் தேயிலை ஃபேக்டரிகளின் பழைய மெஷின்களில் அங்குலக் கணக்குப் பேஸ்கள் உண்டு. பழைய மோட்டரின் தண்டு உயரம் 5 அங்குலம் என்று வையுங்கள், அதாவது 127 மில்லிமீட்டர். அதில் 112 ஃபிரேம் மோட்டரை ஏற்றவேண்டும் என்றால், கீழே கொடுக்கும் பிளேட்டின் தடிப்பு 15 ஆக இருக்கவேண்டும். தடிப்பை 15 என்று தட்டாமல், "பழைய உயரம் கழித்தல் புதிய உயரம்" என்று சமன்பாடாக எழுதுங்கள். அந்தப் 15 எங்கே இருந்து வந்தது என்று ஆறு மாதம் கழித்து ஃபைலைத் திறப்பவருக்கும் தெரியும். அப்புறம், மேலே சொன்ன ஐந்து ஃபிரேமின் எண்களையும் டிசைன் டேபிள் என்ற அட்டவணையில் போட்டுவிட்டால், ஒரே மாதிரியில் இருந்து ஐந்து பிளேட் வரும்.

எல்லாவற்றுக்கும் இது தேவை என்று சொல்லமாட்டேன். வெளியில் இருந்து, எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய பொது வடிவமான ஸ்டெப் ஃபைலாக வரும் பாகத்தில் அளவும் இருக்காது, வரலாறும் இருக்காது, வெறும் முகங்கள்தான். அதில் ஒரு துளையை நகர்த்த, முகத்தையே பிடித்து இழுக்கும் நேரடி முறை போதும். சீமென்ஸ் 2008இல் இரண்டு முறையையும் கலக்கும் சின்க்ரனஸ் முறையை வெளியிட்டது. ஒரே தடவை வெட்டி முடிகிற தகட்டுக்கு ஓட்டோகேட்டும் தாராளம். நீங்கள் கற்றது வீண் போகவில்லை. ஓட்டோகேட்டிலேயே 2010 பதிப்பில் இருந்து பாராமெட்ரிக் என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் இதே கட்டுப்பாடுகளை வைக்கலாம். நம் கோர்ஸ்களில் அதை ஏன் பெரும்பாலும் கடந்து போகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கவலையான விஷயம்.

வீட்டில் பழக லைசன்ஸுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஃப்ரீகேட் போதும். ஸ்கெட்ச் கட்டுப்பாட்டை மட்டும் பழக சொல்வ்ஸ்பேஸ் என்ற இலவச மென்பொருள் இன்னும் இலகு, பழைய லேப்டொப்பிலும் ஓடும். 80 ஃபிரேம் பிளேட்டை மேலே சொன்ன ஐந்து எண்ணால் வரையுங்கள். எண்களை மட்டும் மாற்றி 112எம் வரை கொண்டுபோங்கள், பிறகு 80க்குத் திரும்ப வாருங்கள். இடையில் எங்காவது உடைந்தால், எந்த எண்ணை மாற்றியபோது உடைந்தது என்று குறித்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.